யாட் வாடகை ஒரு கணக்கு, பயணச் செலவு இன்னொரு கணக்கு

கேப்டனும் பணியாளர்களும் உள்ள ஒரு யாட்டை, அதாவது உல்லாசப் படகை, ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்க விலை விசாரித்தால், முதலில் சொல்லப்படுவது ஒரே ஒரு தொகைதான். வாரத்துக்கு ஒரு லட்சம் யூரோ என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு லட்சத்தில் டீசல் கிடையாது. சாப்பாடு கிடையாது. துறைமுகத்தில் படகைக் கட்டி நிறுத்துவதற்கான கட்டணமும் கிடையாது. முதல் முறை எடுப்பவர்களில் பலர் இந்த இடத்தில் திகைத்துப் போகிறார்கள். ஏதோ ஒளித்து வைத்து ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகம்கூட வருகிறது. ஏமாற்று எதுவும் இல்லை. மத்தியதரைக் கடலில் பெரிய படகுகளின் வாடகை நெடுங்காலமாக இப்படித்தான் நடக்கிறது, அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொண்டால், செலவின் பெரும்பகுதி நம் முடிவுக்கு உட்பட்டது என்பது தெரியவரும்.

வாடகை எதற்கு, எதற்கு இல்லை

ஓட்டுநரோடு கார் வாடகைக்கு எடுத்தால் வண்டி வாடகை தனி, டீசலும் சுங்கச்சாவடிக் கட்டணமும் தனி என்று பேசுவது உண்டல்லவா, ஏறக்குறைய அதே முறைதான் இது.

இத்துறையில் மிகப் பரவலாகப் புழங்கும் ஒப்பந்தப் படிவம் மைபா என்ற அமைப்பினுடையது. 1984இல் மத்தியதரைக் கடல் யாட் தரகர்களின் சங்கமாகத் தொடங்கிய இந்த அமைப்பின் படிவத்தை இன்று மற்ற கடல்களிலும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி, வாடகைத் தொகைக்குள் அடங்குபவை இவை: படகும் அதன் கருவிகளும், படகின் காப்பீடு, பணியாளர்களின் சம்பளம், சீருடை, சாப்பாடு, எந்திர அறைக்கும் அறைகளைச் சுத்தம் செய்வதற்கும் வேண்டிய அடிப்படைப் பொருள்கள், படுக்கை விரிப்பு, துண்டு போன்ற படகின் துணிகளைத் துவைப்பது.

பணியாளர்களின் சாப்பாடு உங்கள் கணக்கில் வராது என்பதை நினைவில் வையுங்கள். விருந்தினருக்கு, அதாவது உங்களுக்கும் உங்களோடு வருபவர்களுக்கும், வாங்கும் மளிகையும் பணியாளருக்கு வாங்கும் மளிகையும் வேறு வேறு ரசீதுகளில் இருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் வாடகைக்கு எடுப்பவர் பொறுப்பு. முக்கிய எந்திரங்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் எரிபொருள், கரைக்குப் போய்வரும் சிறு படகுக்கும் ஜெட் ஸ்கிக்கும் எரிபொருள், விருந்தினரின் உணவும் பானங்களும், துறைமுகக் கட்டணம், வழிகாட்டி மாலுமியின் கட்டணம், சுங்க நடைமுறைச் செலவு, துறைமுக முகவர் கட்டணம், கரையிலிருந்து எடுக்கும் தண்ணீரும் மின்சாரமும், குப்பை அகற்றும் கட்டணம், விருந்தினரின் சொந்தத் துணிகளைச் சலவைக்குப் போடுவது, இணையப் பயன்பாடு, நீங்கள் கேட்டதற்காகத் தனியாக வாடகைக்கு எடுக்கும் பொருள்கள் என்று அந்தப் பட்டியல் நீளும்.

கேப்டனிடம் போகும் முன்பணம்

இந்தச் செலவுகளுக்காகப் பயணத்துக்கு முன்பே ஒரு தொகையைக் கட்டச் சொல்வார்கள். அதன் பெயர் அட்வான்ஸ் புரொவிஷனிங் அலவன்ஸ். சுருக்கமாக ஏ.பி.ஏ. என்பார்கள். நாம் முன்பணம் என்றே சொல்லிக்கொள்வோம்.

வாடகையில் இத்தனை விழுக்காடு என்று இதை நிர்ணயிப்பது வழக்கம். பாய்மரப் படகுகளுக்கு 20 முதல் 25 வரை கேட்பார்கள். மோட்டார் படகுகளுக்கு 30ஐ ஒட்டி இருக்கும், வேகமாக ஓடி டீசலைக் குடிக்கும் படகுகளுக்கு 35, 40 என்றும் போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வாடகையில் பாதியைக் கட்டுவீர்கள். மீதி வாடகையையும் இந்த முன்பணத்தையும் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு கட்ட வேண்டியிருக்கும். தரகர் நிறுவனம் முன்பணத்தை வாங்கி, நீங்கள் படகில் ஏறுவதற்கு முன்னால் கேப்டனிடம் சேர்ப்பிக்கும்.

இது யாருடைய வருமானமும் இல்லை. படகு உரிமையாளருக்கு இதில் பங்கில்லை, தரகருக்குக் கழிவில்லை, கேப்டனுக்கு லாபமில்லை. உங்கள் பணம், உங்கள் சார்பில் செலவிடுவதற்காகக் கேப்டன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். செலவானதற்கு அவர் ரசீதோடு கணக்குக் காட்ட வேண்டும். மிஞ்சினால் திரும்பி வரும். போதாவிட்டால் நீங்கள் மேலும் தர வேண்டும். எனவே அந்த விழுக்காடு ஒரு மதிப்பீடு மட்டுமே. "முப்பது விழுக்காடு கட்டிவிட்டேன், இனி செலவே இல்லை" என்று நினைப்பதும் தவறு, "முப்பது விழுக்காடு போய்விட்டது" என்று நினைப்பதும் தவறு.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். ஒரு குடும்பம் ஒரே விரிகுடாவில் நங்கூரமிட்டு வாரம் முழுவதும் நீந்திக்கொண்டிருக்கும். இன்னொரு கூட்டம் தினமும் ஒரு ஊர், தினமும் ஒரு துறைமுகம் என்று ஓடும். ஒரு மேசையில் விலையுயர்ந்த ஷாம்பெயின் பெட்டி பெட்டியாக இறங்கும், மறு மேசையில் யாரும் மது தொடவே மாட்டார்கள். இருவருக்கும் ஒரே விலை போட்டால், அமைதியாக இருந்தவர் ஓடியவரின் செலவைச் சுமப்பார். உரிமையாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எரிபொருளுக்கும் துறைமுகத்துக்கும் அந்தந்த இடத்திலேயே பணம் கட்டியாக வேண்டும். விருந்தினர் ஊர் திரும்பிய பிறகு பில் அனுப்பி வசூலிக்கும் பாடு அவருக்கு வேண்டாம்.

டீசல்தான் பெரிய தலை

மோட்டார் படகில் முன்பணத்தைக் கரைப்பதில் முதலிடம் பெரும்பாலும் எரிபொருளுக்குத்தான். இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் சேமிக்க வழி இருப்பதும் இங்கேதான் அதிகம்.

நீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகுக்கு வேண்டிய எந்திர ஆற்றல், தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. படகு வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள், ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். வேகத்தை 10 நாட் என்பதிலிருந்து 12 நாட் என்று உயர்த்தினால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், மணிக்கு எரியும் டீசல் ஏறக்குறைய 70 விழுக்காடு கூடும். சீக்கிரம் போய்ச் சேர்வதால் எந்திரம் ஓடும் நேரம் குறையும் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் ஒவ்வொரு கடல் மைலுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் டீசல் எரிகிறது. நீர்ப்பரப்பின் மேல் எழும்பி ஓடும் வேகப் படகுகளின் கணக்கு இதிலிருந்து வேறுபடும். ஆனாலும் அவற்றை முழு வேகத்தில் ஓட்டினால் பில் எகிறும் என்பதில் மாற்றமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வாடகை 1,00,000 யூரோ, முன்பணம் 30 விழுக்காடு, அதாவது 30,000. பத்து விருந்தினர், ஏழு நாள். ஆறு நாள்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் 12 நாட் வேகத்தில் ஓட்டம், மணிக்கு 200 லிட்டர். ஆக 24 மணி நேரத்தில் 288 கடல் மைல், 4,800 லிட்டர். இதோடு ஜெனரேட்டர். குளிர்சாதனமும் அடுப்பும் விளக்கும் நங்கூரத்தில் நிற்கும்போதும் ஓடுவதால் ஜெனரேட்டர் இரவு பகலாக இயங்கும். மணிக்கு 20 லிட்டர் என்றால் ஏழு நாளில் 3,360 லிட்டர். மொத்தம் 8,160 லிட்டர். லிட்டர் ஒன்றரை யூரோ என்றால் 12,240 யூரோ.

சாப்பாடும் பானங்களும் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 யூரோ வீதம் 7,000. மூன்று இரவு துறைமுகத்தில் 1,200 வீதம் 3,600. சில்லறைச் செலவுகள் 2,000. எல்லாம் கூட்டினால் 24,840. கையில் 5,160 யூரோ திரும்பி வரும்.

அதே 288 மைலை 20 நாட் வேகத்தில் போயிருந்தால்? அந்த வேகத்தில் மணிக்கு 600 லிட்டர் என்று வையுங்கள். பதினான்கரை மணி நேரத்துக்குள் தூரம் முடிந்துவிடும், ஆனால் 8,640 லிட்டர் எரிந்திருக்கும். கூடுதலாக 3,840 லிட்டர், அதாவது 5,760 யூரோ. மொத்தச் செலவு 30,600. திரும்பி வரவேண்டிய பணம் முழுவதும் போய், மேலும் 600 யூரோ நீங்கள் எடுத்து வைக்க வேண்டும். அதே இடங்கள், அதே சாப்பாடு, அதே துறைமுகங்கள். மாறியது வேகம் மட்டும்.

ஆகவே பயணத்தின் முதல் நாளே கேப்டனிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் படகின் சிக்கனமான வேகம் எது, அதில் மணிக்கு எத்தனை லிட்டர்?" என்பது. எந்த நல்ல கேப்டனும் இதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். மணிக்கு எத்தனை லிட்டர் என்ற விவரம் படகின் விளம்பரக் குறிப்பிலேயே பல நேரங்களில் இருக்கும். அது எந்த வேகத்துக்கு என்று சேர்த்துக் கேளுங்கள்.

தொட்டியில் கிடக்கும் டீசலுக்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை, எரித்ததற்குத்தான் கட்டுகிறீர்கள். தொடக்கத்தில் தொட்டி அளவைக் குறித்துவைத்து முடிவில் மீண்டும் அளப்பார்கள், அல்லது எந்திரம் ஓடிய மணிக்கணக்கை வைத்துக் கணக்கிடுவார்கள். எந்த முறை, லிட்டருக்கு என்ன விலை என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நங்கூரமா, துறைமுகமா

நங்கூரமிட்டு நிற்பதற்குப் பல இடங்களில் கட்டணமே இல்லை. துறைமுகத்தில் கட்டி நிறுத்துவதற்கு உண்டு, அது படகின் நீளத்தையும் பருவத்தையும் பொறுத்து ஏறும். ஆகஸ்டில் இத்தாலியின் சார்டினியா தீவில் உள்ள போர்ட்டோ செர்வோ, கான் திரைப்பட விழா நாள்களில் கான், பார்முலா ஒன் பந்தய வாரத்தில் மொனாக்கோ போன்ற இடங்களில் ஒரு இரவுக்கே பெரும் தொகை கேட்பார்கள். எனக்குத் தெரிந்தவரை, கடலில் இரவு தங்கிய விருந்தினர்கள் துறைமுக இரவுகளை அவ்வளவாகத் தேடுவதில்லை. கரைக்குப் போய்ச் சாப்பிட ஆசையிருந்தால் சிறு படகு கொண்டுபோய் விடும், கூட்டிவரும்.

ஆனால் எங்கும் நங்கூரமிடலாம் என்றும் இல்லை. பிரான்சின் மத்தியதரைக் கடலோரத்தில் பொசிடோனியா என்ற கடற்புல் வெளிகளைக் காப்பதற்காக, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகள் அந்தப் புல்லின் மேல் நங்கூரமிட 2019இல் வந்த அரசாணை தடை விதிக்கிறது. மெதுவாக வளரும் அந்தப் புல்லை ஒரு நங்கூரச் சங்கிலி உழுதுவிட்டால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். கேப்டன் ஒரு விரிகுடாவை வேண்டாம் என்று சொன்னால், அதன் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். சார்டினியாவின் வடக்கே லா மத்தலேனா தேசியப் பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதுவும் முன்பணத்திலிருந்துதான்.

சில கட்டணங்கள் எரிபொருளோடு எடைபோட்டுப் பார்க்க வேண்டியவை. கிரேக்கத்தில் 1893இல் திறக்கப்பட்ட கொரிந்து கால்வாய் ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம்தான், கட்டணமும் உண்டு. ஆனால் அது இல்லையென்றால் பெலோபொனீஸ் தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த டீசலோடு ஒப்பிட்டால் கால்வாய்க் கட்டணம் பெரும்பாலும் லாபமே.

கணக்கில் திடீரென்று "முக்குளிப்பவர்" என்று ஒரு வரி வந்தால் பதற வேண்டாம். மத்தியதரைக் கடலின் சிறு துறைமுகங்களில் முன்புறம் நங்கூரத்தைப் போட்டுப் பின்புறத்தைக் கரையில் கட்டுவார்கள். பக்கத்துப் படகின் சங்கிலி நம் சங்கிலி மேல் விழுந்து சிக்கிக்கொள்ளும்போது, கீழே இறங்கிப் பிரித்துவிட ஆள் தேவை.

சாப்பாட்டுப் படிவம்

பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு விருப்பப் படிவம் வரும். என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஒத்துக்கொள்ளாது, என்ன குடிப்பீர்கள், குழந்தைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். இதை ஏனோதானோ என்று நிரப்புகிறவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். படிவத்தில் எழுதியதை வைத்துத்தான் சமையல்காரர் கொள்முதல் செய்கிறார். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும்" என்று எழுதினால் எல்லாமே நிறைய வந்து இறங்கும், ஏனென்றால் கடலுக்கு நடுவில் ஒரு பொருள் இல்லை என்று சொல்ல எந்தப் பணியாளரும் விரும்ப மாட்டார். மதுப்புட்டிகள் என்றால் பெயரும் எண்ணிக்கையும் சொல்லுங்கள், உச்ச விலை ஒன்றையும் சொல்லுங்கள். மரக்கறி மட்டும் உண்பவர்கள் மீன், முட்டை பற்றியும் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

வாங்கிய விலைக்கே உங்கள் கணக்கில் எழுத வேண்டும். படகு அதன் மேல் லாபம் வைப்பதில்லை. மிஞ்சிய புட்டிகளும் பொருள்களும் உங்களுடையவை. எடுத்துப் போகலாம், பணியாளர்களுக்கு விட்டுவிடவும் செய்யலாம்.

கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை

விருந்தினராக வந்துவிட்டுக் கேப்டனிடம் கணக்குக் கேட்பதா என்று பலர் கூசுகிறார்கள். இந்தக் கூச்சம்தான் கடைசி நாள் மனவருத்தங்களுக்கு வேர். கேப்டன் ஒவ்வொரு செலவையும் தலைப்பு வாரியாகப் பதிந்து ரசீதுகளைக் கோத்து வைத்திருப்பார். இரண்டு நாளுக்கு ஒருமுறை, "இதுவரை எவ்வளவு ஆயிற்று, இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்று கேளுங்கள். வார நடுவில் பாதிக்கு மேல் கரைந்திருந்தால், மீதி நாள்களின் வழித்தடத்தை மாற்ற அப்போதுதான் இடமிருக்கும். பணம் தீரும் நிலை வந்தால் கேப்டன் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நீங்கள் மேலும் அனுப்ப வேண்டும். வங்கி வழியாக வெளிநாட்டுக்குப் பணம் போய்ச் சேர ஓரிரு நாள் ஆகும், படகில் கடன் அட்டை வாங்குவார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது. நீண்ட ஓட்டங்கள் திட்டமிட்டிருந்தால் இதைப் பயணத்துக்கு முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

இறங்கும் முன் கேப்டன் இறுதிக் கணக்கைக் காட்டுவார். உட்கார்ந்து வாசியுங்கள். புரியாத வரி இருந்தால் அங்கேயே கேளுங்கள், ரசீதைப் பாருங்கள். பெரும்பாலான ஐயங்கள் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் உங்கள் தரகரிடம் போவதுதான் வழி, அதற்காகத்தான் அவர் இருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

முன்பணத்துக்கு வெளியே நிற்பவை

வாடகையின் மேல் மதிப்புக்கூட்டு வரி உண்டு. பிரான்சில் அதன் பொது விகிதம் 20 விழுக்காடு, ஸ்பெயினில் 21, இத்தாலியில் 22. பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறது, எந்தக் கடலில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துச் சலுகைகளும் மாறும் என்பதால், உங்கள் பயணத்துக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். படகு வழக்கமாக நிற்கும் துறைமுகத்தை விட்டு வேறு இடத்தில் ஏற விரும்பினால், அது வந்து சேரும் செலவும் திரும்பிப் போகும் செலவும் உங்கள் தலையில் விழலாம். சில படகுகள் சேதத்துக்கான வைப்புத்தொகையும் கேட்கும்.

பிறகு அன்பளிப்பு. இது கட்டாயமில்லை, ஆனால் எதிர்பார்ப்பு உண்டு. மத்தியதரைக் கடலில் வாடகையில் 5 முதல் 15 விழுக்காடு வரையிலும், கரீபியனிலும் அமெரிக்காவிலும் 15 முதல் 20 வரையிலும் கொடுக்கிறார்கள். கேப்டனிடம் கொடுத்தால் எல்லோருக்கும் பிரித்துத் தருவார். மிஞ்சிய முன்பணத்தை அப்படியே அன்பளிப்பாக வைத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் வாடகை ஒரு லட்சம், முன்பணம் முப்பதாயிரம், வரி 20 விழுக்காடு, அன்பளிப்பு 10 விழுக்காடு என்றால் ஒதுக்கி வைக்க வேண்டிய தொகை 1,60,000 யூரோ. விளம்பரத்தில் கண்ட எண்ணை இந்தப் பெருக்கத்தோடு பார்க்கப் பழகுங்கள்.

முன்பணமே இல்லாத வாடகைகள்

எல்லாப் படகுகளும் இந்த முறையில் ஓடுவதில்லை. பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் பணியாளர்களுடன் வரும் கட்டமரான் என்ற இரட்டை உடல் படகுகளில் பல, சாப்பாடு, வழக்கமான பானங்கள், அளவான எரிபொருள் எல்லாம் சேர்த்து ஒரே விலையில் கிடைக்கின்றன. செலவைப் பற்றி யோசிக்கவே விரும்பாத குடும்பத்துக்கு அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அங்கும் எத்தனை மணி நேர ஓட்டம் விலைக்குள் அடங்குகிறது, எந்த வகை மது அடங்கவில்லை என்று பார்க்க வேண்டும். கிழக்கு மத்தியதரைக் கடலில் காலை உணவும் ஒரு வேளைச் சாப்பாடும் நாளுக்குச் சில மணி நேர எரிபொருளும் வாடகைக்குள்ளேயே வரும் ஒப்பந்த வகையும் இருக்கிறது.

பணியாளர் யாரும் இல்லாமல் நீங்களே ஓட்டும் படகு என்றால் கேப்டனும் இல்லை, முன்பணமும் இல்லை. டீசல் தொட்டி நிரம்பியபடி கிடைக்கும், நிரப்பித் திருப்பித் தர வேண்டும். துறைமுகக் கட்டணத்தையும் மளிகையையும் அவ்வப்போது நீங்களே கட்டுவீர்கள். அங்கே பெரிய தொகையாக நிற்பது சேதத்துக்கான வைப்புத்தொகை. படகைப் பொறுப்பேற்கும்போதே கீறல், உடைசல் எல்லாவற்றையும் நிறுவனத்தின் ஆளோடு சேர்ந்து பார்த்துப் பட்டியலில் எழுதிப் படமும் எடுத்துக்கொண்டால், அந்தப் பணம் முழுதாகத் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.